திரை அணைந்த பின்னும் ஓடும் பாட்டு

திருப்பூரில் கைபேசிக்குத் தடை போடாத பனியன் கம்பெனிகளில், ஓவர்லாக் மிஷின்களின் இரைச்சலுக்கு நடுவே, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகி, பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் கையின் வேகம் குறையாமல் இளையராஜாவின் சங்கீதத்தில் லயித்திருக்கும் டெய்லர்களைக் காணலாம். கைபேசி சட்டைப் பையில், திரை அணைந்து கிடக்கும். அப்போதும் ஒரு செயலி பாடுவதும், மற்றொன்று பாதியில் மௌனமாகிவிடுவதும் எதனால் என்பது விசாரிக்கத்தக்க விஷயம்.

திரையில் இல்லாத செயலியை ஓடவிடுவதா நிறுத்துவதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் இயங்குதளத்துக்கே உரியது. ஐபோனில் 2010-இல் ஐஓஎஸ் 4 வரும்வரை வெளியார் செய்த பாட்டுச் செயலிகளுக்குப் பின்னணியில் ஒலிக்க அனுமதியே இல்லை. தொடக்கத்தில் தாராளமாக இருந்த ஆண்ட்ராய்டு, செயலிகள் அனாவசியமாகப் பேட்டரியைத் தின்பது கண்டு, 2015-இல் ‘டோஸ்’ என்னும் உறக்க நிலையைக் கொணர்ந்தது. 2017-இல் வந்த எட்டாம் பதிப்போ, பின்னணியில் தொடர்ந்து ஓட விரும்பும் செயலி அதை அறிவிப்பாகக் காட்டியே தீரவேண்டும் என்று விதித்தது. ஆகவே, பாட்டின் பெயரோடும் நிறுத்தும் பொத்தானோடும் பூட்டிய திரையில் தோன்றும் பட்டை வெறும் அலங்காரமன்று. ‘நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்று செயலி தரும் பகிரங்க வாக்குமூலம். இந்த விதி மிக நியாயமானது என்பதே என் அபிப்பிராயம்.

பாட்டு வந்து சேரும் விதம் இன்னும் சுவாரசியமானது. நிட்டிங் மிஷினில் கோனிலிருந்து வரும் நூல் நேரே ஊசிக்குப் போகாமல் ஃபீடர் சக்கரத்தில் சில சுற்றுகள் இருப்பாக நிற்பதுபோல, இணையத்திலிருந்து வரும் தரவும் முதலில் நினைவகத்தில் சேர்ந்து, அங்கிருந்தே ஒலியாகிறது. சிக்னல் க்ஷண நேரம் அறுந்தாலும் பாட்டு அறுவதில்லை. விநாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 5 எம்பி போதும். அதைச் சொட்டுச் சொட்டாக வாங்கினால்தான் நஷ்டம்: தரவு நின்ற பிறகும் கைபேசியின் ரேடியோ சில விநாடிகள் விழித்தே இருந்து மின்சாரம் செலவழிப்பதால், மொத்தமாக இறக்கிவிட்டு ரேடியோவை உறங்கவிடும் செயலியே சமர்த்தானது.

அழைப்பு வந்தால் பாட்டு விலகி நிற்பதும், இயர்போன் ஒயர் கையில் சிக்கிப் பிடுங்கிக்கொள்ளும்போது ஸ்பீக்கரில் அலறாமல் அடங்குவதும் முழுக்கத் தாமாக நிகழ்வன அல்ல. செயலியை எழுதியவரும் இவற்றுக்கு முன்யோசனையோடு கட்டளை எழுதியிருக்கவேண்டும்.

சில கைபேசி நிறுவனங்கள் ஆண்ட்ராய்டின் விதிகளுக்கு மேலும் கடுமையான விதிகளைத் தாமே சேர்த்திருக்கின்றன. ஆதலால் பாட்டு அடிக்கடி நின்றால், செயலியைக் குறைகூறுமுன் அமைப்புகளுக்குள் சென்று அதன் மீதுள்ள பேட்டரிக் கட்டுப்பாட்டைத் தளர்த்திப் பாருங்கள். ஷிப்டுக்குக் கிளம்புமுன் வீட்டு வைஃபையில் பாடல்களை இறக்கிக்கொண்டால் சிக்னல் அறுவதால் பாட்டு நிற்கும் சிரமமும் பெரும்பாலும் இராது.