தோள்பட்டை இறுக்கமும் இயன்முறை மருத்துவமும்

கேரள எல்லையை ஒட்டி, மலையடிவாரத்தில் நெல் வயல்கள் சூழ அமைந்தது புளியறை. இங்கே உழைப்போர்க்குக் கையே முதல். நாற்று நடவும் கதிர்க்கட்டைத் தலைக்கு ஏற்றவும் தோள் இணங்கவேண்டும். அத்தோள் காரணம் புலப்படாமலே சிறுகச் சிறுக இறுகிப்போகும் நோயொன்று உண்டு. தலை வார இயலாது. இரவில் அப்பக்கம் சாய்ந்து படுக்கவும் முடியாது. 1934-ஆம் ஆண்டில் காட்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் இதனை ‘உறைந்த தோள்’ என்றார்.

தோள் மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய உறை அழற்சியுற்றுத் தடித்துச் சுருங்குவதே இந்நோய். 40 முதல் 60 வயதுக்குட்பட்டோர்க்கு, அதிலும் பெண்களுக்கு, மிகுதியாக வருகிறது. நீரிழிவு உள்ளவர்களை இது தேடி வருகிறது என்றே சொல்லலாம். ஆகவே தோள் இறுகியவர் இரத்தச் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுதல் நன்று. வலி, இறுக்கம், தளர்வு என மூன்று நிலைகளையும் கடக்க ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம். நாட்கூலியை நம்பிய குடும்பம் அத்தனை காலம் காத்திருப்பது எங்ஙனம்?

கையைத் துணியால் கழுத்தில் கட்டி அசையாமல் வைப்பதால் இறுக்கம் மிகும். சுளுக்கென்று எண்ணி வெடுக்கென இழுக்கச் செய்வது அதனினும் கேடு. வேண்டுவது அளவான அசைவே. பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபின், நல்ல கையைத் திண்ணையில் ஊன்றி முன்குனிந்து, நோயுற்ற கையைக் கிணற்று வாளிபோல் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக ஆட்டலாம். சுவரில் விரல்களை எறும்பு ஊர்வதுபோல் மேலேற்றி, எட்டிய இடத்தில் கரிக்கோடு இட்டுவைத்தால் வாரந்தோறும் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். வலி மிகுந்த தொடக்க நிலையில் பயிற்சி மென்மையாகவே இருக்கவேண்டும். செய்தபின் வலி நெடுநேரம் நீடித்தால் அளவைக் குறைத்துக்கொள்க. எந்நிலையில் எப்பயிற்சி என்பதை இயன்முறை மருத்துவரே அறிவார்.

அவரை நாடப் பொருட்செலவு வேண்டியதில்லை. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இச்சிகிச்சை உண்டு. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வெளியே செல்ல இயலாதோர் வீட்டிற்கே இயன்முறை மருத்துவர் வருகிறார். அத்தகையோர் பெயரை ஊராட்சி உறுப்பினர்கள் சுகாதாரத் தன்னார்வலரிடம் தெரிவிக்கலாம்.

விழுந்து அடிபட்டபின் கை தூக்க முடியாவிட்டாலோ, காய்ச்சலுடன் தோள் வீங்கினாலோ அது வேறு நோய். மருத்துவரிடம் உடனே காட்டவேண்டும். நெஞ்சு இறுக்கத்துடனும் வியர்வையுடனும் தோள் வலித்தால் ஒத்தடமும் வேண்டா, பயிற்சியும் வேண்டா. 108 ஊர்தியை அழைக்க.