கூண்டு ஏற்றிய காலமும் கோள் பார்க்கும் காலமும்

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் ரயில் ஊர் போய்ச் சேரவில்லை. பொங்கி வந்த கடல் அதை அள்ளிக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் மாண்டார்கள். பாம்பன் பாலம் சிதைந்தது. தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு பின்னர் அறிவித்தது. அந்தப் புயல் ஒரே இரவில் முளைத்ததல்ல. தெற்கு அந்தமான் கடலில் உருவாகி, பல நாள் வங்கக் கடலில் நகர்ந்து, இலங்கையில் வவுனியா பக்கமாகக் கடந்து வந்த புயல் அது. அத்தனை நாளும் அதை விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வானில் ஒரு கண் இல்லை.

அன்று புயலைத் தேடுவது எப்படி நடந்தது? கரையோர நிலையங்களும் போர்ட் பிளேர் போன்ற தீவு நிலையங்களும் காற்றழுத்தம், காற்றின் திசை, வேகம், மேக அளவு ஆகியவற்றை எண் குறியீடாக்கித் தந்தியில் அனுப்பும். வானிலை அலுவலகத்தில் விரித்த வரைபடத்தில் ஒவ்வொரு எண்ணையும் கையால் குறித்து, ஒரே அழுத்தமுள்ள இடங்களைப் பென்சிலால் இணைப்பார்கள். கோடுகள் வட்டமாக நெருங்கினால் நடுவே தாழ்வு மண்டலம் இருக்கிறது என்று பொருள். கரையில் இது நன்றாகவே வேலை செய்தது. கடலில்தான் சிக்கல். அங்கே கப்பல்கள் சொன்னால் உண்டு. புயல் இருக்கிறது என்று எச்சரித்ததும் கப்பல்கள் அந்தப் பக்கமே போகாமல் விலகிவிடும். எந்த இடத்திலிருந்து தகவல் மிகவும் தேவையோ அந்த இடத்தில் தகவல் சொல்ல ஆளே இருக்காது. அட்லாண்டிக் கடலில் 1940களிலிருந்தே அமெரிக்கர்கள் புயலுக்குள் விமானம் ஓட்டி அளந்து வந்தார்கள். வங்கக் கடலில் அப்படி ஒரு வழக்கம் ஏற்படவில்லை.

ஆகவே எச்சரிக்கையும் பொதுவாகவே இருக்கும். துறைமுகத்தில் எண் வாரியாகப் புயல் கூண்டு ஏற்றுவார்கள். பகலில் கூண்டு, இரவில் விளக்கு. வானொலி அந்த எண்ணைச் சொல்லும். மீனவர் அந்த எண்ணோடு தம் கண்ணுக்குத் தெரிந்த வானத்தையும் அலையையும் சேர்த்து முடிவெடுப்பார்.

இந்த நிலையை மாற்றும் வேலை 1960 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. அமெரிக்கா அனுப்பிய டைரோஸ்-1 என்ற, வெற்றி பெற்ற முதல் வானிலைச் செயற்கைக்கோள் 78 நாள் உழைத்து, ஏறக்குறைய 23,000 படங்கள் அனுப்பியது. மங்கலான கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். ஆனாலும் மேகங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குச் சுருள் சுருளாக ஒழுங்கு கட்டி நிற்பதை மனிதன் மேலிருந்து தொடர்ந்து பார்த்தது அப்போதுதான். குறையும் இருந்தது. தாழ்வாகச் சுற்றும் கோள் ஓர் இடத்தைக் கடந்து போய்விட்டால், திரும்பி வர மணிக்கணக்காகும். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுழலும் கோள்கள் வந்த பிறகுதான் ஒரே கடலை இரவும் பகலும் பார்க்க முடிந்தது.

படம் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு 1970லேயே பதில் கிடைத்துவிட்டது. அந்த நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் முன்பே படம் பிடித்திருந்தன. தீவுகளில் இருந்த மக்களுக்குப் போய்ச் சேர வேண்டிய விதத்தில் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள்.

படத்தைப் படிக்கும் கலையும் தனியே வளர வேண்டியிருந்தது. 1970களில் வெர்னான் டுவோரக் என்ற அமெரிக்க வானிலையாளர் அதற்கு ஒரு முறை வகுத்தார். மேகப் பட்டைகள் மையத்தை எவ்வளவு தூரம் சுற்றி வளைத்திருக்கின்றன, புயலின் கண் தெரிகிறதா, கண்ணைச் சுற்றிய மேக உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்து ஒன்றிலிருந்து எட்டு வரை ஓர் எண் தர வேண்டும். அதிலிருந்து காற்றின் வேகத்தைக் கணிக்கலாம். மருத்துவர் நாடி பிடித்து உள்ளே நடப்பதைச் சொல்வதைப் போன்ற வேலை இது. விமானம் போகாத நம் கடலுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை இன்றும் இந்த எண்ணைத்தான் பயன்படுத்துகிறது. 2.5 தொட்டால் புயல், 3.5 என்றால் தீவிரப் புயல். 1999இல் ஒடிசாவைச் சிதைத்த சூப்பர் புயல் 7 வரை போனது.

இந்தியாவின் சொந்தக் கண் திறந்தது 1983இல். அதற்கு முந்தைய ஆண்டு ஏவிய இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்துவிட, சேலஞ்சர் விண்ணோடம் சுமந்து சென்ற இன்சாட்-1பி அந்த இடத்தை நிரப்பியது. தூர்தர்ஷன் செய்தியின் முடிவில் இந்திய வரைபடத்தின் மேல் வெள்ளைத் திட்டுகளைக் காட்டிய நாட்கள் அப்போது தொடங்கின. இன்சாட்-1பியின் அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி 11 கி.மீ. அகலம். சென்னை சென்ட்ரலிலிருந்து கிண்டி வரை ஏறக்குறைய ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். 2002இல் வானிலைக்கென்றே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய கோளுக்குப் பின்னர் கல்பனா சாவ்லாவின் நினைவாகக் கல்பனா-1 என்று பெயர் வந்தது. 2013இல் இன்சாட்-3டி, 2016இல் 3டிஆர், 2024இல் 3டிஎஸ் எனத் தொடர்ந்து வந்தன. அந்தப் புள்ளி இப்போது 4 கி.மீ.யாகச் சுருங்கியிருக்கிறது. இரண்டு கோள்கள் மாற்றி மாற்றிப் படம் எடுத்தால் கால் மணிக்கு ஒரு படம் கிடைக்கும்.

இன்று முன்னறிவிப்பாளரின் மேசையில் பென்சிலுக்குப் பதில் திரைகள். கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் பகலில் மேகத்தின் வடிவம் தெரியும். அகச்சிவப்பில் இரவிலும் மேக உச்சியின் குளிர் தெரியும். நீராவிப் படத்தில் வறண்ட காற்று கருத்துத் தெரியும். அந்தக் கருமை புயலின் வயிற்றுக்குள் நுழைந்தால் புயல் வலுவிழக்கும் வாய்ப்பு உண்டு. நுண்ணலைக் கருவிகள் மேகத் திரைக்குக் கீழேயும் பார்க்கின்றன. ஓஷன்சாட் போன்ற கோள்களின் ஸ்கேட்டரோமீட்டர் என்ற ரேடார் கருவி கடல் பரப்பின் சிற்றலைகளிலிருந்து காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிடுகிறது. அன்று கப்பல் சொல்ல மறுத்ததை இன்று கடலே சொல்கிறது.

ஆராய்ச்சிக்கும் இந்தப் படங்கள் புதிய வாசலைத் திறந்தன. 1970களின் செயற்கைக்கோள் படங்களை நாள்தோறும் அடுக்கிப் பார்த்த டி. ஆர். சிக்காவும் சுலோச்சனா காட்கிலும் 1980இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோடையில் இந்துமாக்கடலின் பூமத்தியப் பகுதியில் உருவாகும் மேகப் பட்டை சில வாரங்களுக்கு ஒருமுறை வடக்கே நகர்ந்து நிலத்தின் மேலுள்ள பட்டைக்கு உயிரூட்டுகிறது என்று அதில் காட்டினார்கள். தென்மேற்குப் பருவமழை சில நாள் கொட்டுவதும் சில நாள் ஓய்வதும் ஏன் என்ற பழைய கேள்விக்கு, நிலத்து மழைமானிகள் தராத ஒரு தடயம் கடலின் மேல் கிடைத்தது.

அடுத்த மாற்றம் வெளியே தெரியாதது. இன்று செயற்கைக்கோள் அளவீட்டின் பெரும்பகுதியை மனிதக் கண் பார்ப்பதே இல்லை. கோள் அளக்கும் கதிர்வீச்சு எண்களாகவே கணினி மாதிரிகளுக்குள் போகிறது. நிலம் குறைந்து கடல் மிகுந்த தெற்கு அரைக்கோளத்தின் முன்னறிவிப்பு ஒரு காலத்தில் வடக்கைவிட மிகப் பின்தங்கியிருந்தது. கோள்களின் தரவு அந்த இடைவெளியைக் கிட்டத்தட்ட மூடிவிட்டது.

பலன் உயிர்க்கணக்கில் தெரிகிறது. 1999இல் ஒடிசாவில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் புயல் அதே கரையைத் தாக்கியபோது பத்து லட்சத்தை ஒட்டிய மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. புகழ் முழுவதையும் கோளுக்கே கொடுத்துவிடக் கூடாது. புயல் பாதுகாப்பு மையம் கட்டியவர்களுக்கும் வீடு வீடாகப் போய் அழைத்து வந்தவர்களுக்கும் அதில் சம பங்கு உண்டு. 2017இல் ஒக்கி புயல் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. தாழ்வு மண்டலமாக இருந்தது ஒரே நாளில் புயலாகியபோது குமரி, திருவனந்தபுரம் மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். வானிலிருந்து தெரிந்தது அவர்கள் படகுக்கு எட்டவில்லை. கைப்பேசி அலை எட்டாத ஆழ்கடலுக்கும் எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி கருவி 2019இல்தான் வந்தது.

படத்துக்கே உரிய எல்லையும் உண்டு. கோள் பார்ப்பது மேகத்தின் கூரையை. அதன் குளிரை வைத்து மழையளவைச் சொல்வது தோராயக் கணக்கு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது அங்கே கண்ணுள்ள புயல் எதுவும் இல்லை. வெறும் மேலடுக்குச் சுழற்சிதான். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையேறிப் புதுச்சேரி அருகே நகராமல் நின்று 48 செ.மீ.க்கு மேல் பொழிந்தது. புயல் எங்கே என்ற அன்றைய கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. என் ஊரில் எவ்வளவு என்ற இன்றைய கேள்வி தீரவில்லை. அதற்கு ரேடாரும் மழைமானியும் அனுபவமுள்ள மனிதரும் இன்னும் தேவை. துறைமுகங்களில் கூண்டு எண்ணும் இன்றுவரை மாறாமல் அறிவிக்கப்படுகிறது.

அன்று அலுவலகத்தில் சிலர் மட்டும் பார்த்த படம் இன்று எல்லோர் கைப்பேசியிலும் சுழல்கிறது. மழைக்காலத்தில் அப்படி ஒன்று உங்களுக்கு வந்தால் மூன்றைக் கவனியுங்கள். முதலில் தேதியும் நேரமும்: பல படங்களில் இருப்பது கிரீன்விச் நேரம், ஐந்தரை மணி கூட்டினால்தான் நம் நேரம். அடுத்து நிறம்: அகச்சிவப்புப் படத்தில் சிவப்பு என்பது மேக உச்சியின் குளிர், உங்கள் தெருவின் மழையளவு அல்ல. கடைசியாக, படத்தோடு நிறுத்தாமல் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையையும் படியுங்கள். வெளியேறச் சொன்னால் வெளியேறுங்கள்.