விடை மட்டும் போதாது, காரணமும் வேண்டும்: மறைபொருள் குறுக்கெழுத்தை ஏன் கூடி விவாதிக்கிறார்கள்?

“குழப்பத்தில் தலை விடு, சுதந்திரம் கிடைக்கும் (4).”

முதன்முறை படிப்பவருக்கு இது யாரோ விரக்தியில் கூறிய அறிவுரை போலத் தோன்றும். உண்மையில் இது ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பு. அடைப்புக்குறிக்குள் உள்ள எண், விடை நான்கு எழுத்துகளைக் கொண்டது என்பதைக் காட்டுகிறது. விடை ‘விடுதலை’.

சுதந்திரம் என்றால் விடுதலைதானே, இதில் என்ன புதிர் என்று ஒருவர் கேட்கலாம். மற்றொருவரோ, ‘தலை’, ‘விடு’ ஆகிய இரு சொற்களின் எழுத்துகளைக் கலைத்து மாற்றி அடுக்கினால் ‘விடுதலை’ கிடைக்கிறது என்றும், அவ்வாறு கலைக்கச் சொல்லும் கட்டளையே ‘குழப்பத்தில்’ என்ற சொல் என்றும் விளக்குவார். இருவரும் கட்டத்தில் எழுதியது ஒன்றே. ஆயினும் புதிரைத் தீர்த்தவர் இரண்டாமவர் மட்டுமே.

‘கிரிப்டிக்’ எனப்படும் மறைபொருள் குறுக்கெழுத்தின் அடிப்படை இதுதான். இந்தியாவின் ஆங்கில நாளிதழ்களில் அன்றாடம் வெளியாகும் இப்புதிரைத் தீர்ப்போர், விடை கிடைத்த பின்னரும் ஏன் கூடிப் பேசுகிறார்கள் என்பதற்கான காரணமும் இதிலேயே அடங்கியுள்ளது.

குறிப்பு எவ்வாறு அமைகிறது?

சாதாரணக் குறுக்கெழுத்தில் குறிப்பு என்பது பொருள் விளக்கம் மட்டுமே. மறைபொருள் குறிப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, விடைக்கான நேரடிப் பொருள். இது குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ இடம்பெறும். மற்றொன்று, அதே விடையை எழுத்து விளையாட்டின் வழியாகக் கட்டித் தருவது. இரண்டு வழிகளும் ஒரே சொல்லில் வந்து சேர வேண்டும். மேலோட்டமாகப் படிக்கையில் தோன்றும் காட்சி பெரும்பாலும் திசைதிருப்பவே அமைக்கப்படுகிறது.

“முளைக்கப் போவது தலையிழந்த கவிதை (2)” என்ற குறிப்பில் ‘கவிதை’ தன் முதல் எழுத்தை இழந்து ‘விதை’ ஆகிறது. “கழுத்தில் விழும் அந்திப்பொழுது (2)” என்பதில் எழுத்து விளையாட்டே இல்லை. ‘மாலை’ என்ற ஒரே சொல்லின் இரு பொருள்கள் அருகருகே வைக்கப்பட்டுள்ளன, அவ்வளவே. (இக்கட்டுரையில் வரும் தமிழ்க் குறிப்புகள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை.)

தமிழில் இவ்வகைக் குறிப்புகளை அமைப்போருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் வருவது இயல்பு. எனவே முதற்குறிப்பில் ‘சுதந்திரம்’ என்ற நேரடிப் பொருளுக்குப் பின்னால் ‘கிடைக்கும்’ என்ற இணைப்புச் சொல் வந்து நிற்கிறது. ஆங்கில மரபைக் கறாராகப் பின்பற்றுவோர் இதனைப் பிழை என்பர். மொழியின் இயல்புக்கு இந்தச் சலுகையை அளிக்கத்தான் வேண்டும் என்றே தோன்றுகிறது.

ஆங்கிலத்தில் பலராலும் எடுத்துக்காட்டப்படும் ஒரு பழைய குறிப்பில் சொற்களே கிடையாது. எச், ஐ, ஜே, கே, எல், எம், என், ஓ என்ற எட்டு எழுத்துகளும், ஐந்தெழுத்து விடை என்ற தகவலும் மட்டுமே அதில் இருக்கும். எச் முதல் ஓ வரை, அதாவது ஆங்கிலத்தில் ‘எச் டு ஓ’. வேதியியலில் எச்2ஓ என்றால் தண்ணீர். விடை ‘வாட்டர்’. நேரடிப் பொருளே இல்லாத இக்குறிப்பு விதிக்கு உட்பட்டதா என்பது வேறு வழக்கு.

விதிகள் வந்த கதை

அச்சில் வெளியான முதல் நவீன குறுக்கெழுத்து, 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் அமைத்ததாகும். அதில் மறைபொருள் ஏதுமில்லை. 1926-இல் பிரிட்டனின் ‘அப்சர்வர்’ இதழில் எட்வர்டு பவுயிஸ் மேதர்ஸ், ஸ்பெயின் நாட்டின் கொடூர சமய விசாரணை அதிகாரியான டார்கெமடாவின் பெயரைப் புனைபெயராகச் சூடிக்கொண்டு, முழுக்க முழுக்க மறைபொருள் குறிப்புகளாலான புதிர்களை வெளியிடத் தொடங்கினார். புனைபெயருக்கு ஏற்ப அவை தீர்ப்போரை வாட்டின.

அவருக்குப் பின் அதே இடத்துக்கு வந்த டெரிக் மக்நட், மற்றொரு விசாரணை அதிகாரியின் பெயரான ‘ஜிமெனஸ்’ என்பதை ஏற்றார். 1966-இல் அவர் எழுதிய நூல், குறிப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கான இலக்கணமாக இன்றும் கருதப்படுகிறது. அதன் சாரம் எளிது: அமைப்பாளர் ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது. குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். அவர் வாசகர்களுக்குக் குறிப்பு எழுதும் போட்டிகளையும் நடத்தினார். எந்தக் குறிப்பு ஏற்கப்பட்டது, எது ஏன் தள்ளப்பட்டது என்ற கருத்துரைகள் அச்சிட்ட தாள்களாகப் பங்கேற்றோருக்கு அனுப்பப்பட்டன. இன்று அலைபேசிக் குழுக்களில் நடக்கும் விவாதத்தின் முன்னோடி இதுவே.

இந்தியாவில் ‘தி இந்து’ நாளிதழ் 1971-இல் குறுக்கெழுத்தைத் தொடங்கியபோது, அதனை அமைத்தவர் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ராம் தாஸ் கட்டாரி. 1958-இல் இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர். 2013 முதல் ‘இந்தியக் குறுக்கெழுத்து லீக்’ என்ற பெயரில் இணையவழிப் போட்டியும் நடைபெற்று வருகிறது.

வளையலுக்குள் தவளை

குழுக்களில் அடிக்கடி ஒலிக்கும் புலம்பல் ஒன்று உண்டு: விடை வந்துவிட்டது, காரணம் வரவில்லை. குறுக்கே வரும் சொற்களின் எழுத்துகளைக் கொண்டு ஊகித்துக் கட்டத்தை நிரப்பிவிடலாம். ஆனால் அது ஏன் விடை என்பது பிடிபடாதவரை, தீர்ப்பவருக்கு உறுத்தல் நீங்குவதில்லை. அந்த உறுத்தலுடன்தான் பலர் முதன்முதலில் பிறரை நாடுகின்றனர்.

எடுத்துக்காட்டாக, “பரிசாக வந்த வளையலுக்குள் குளத்துவாசி (3)” என்ற குறிப்பு ஒரு குழுவின் முன் வைக்கப்படுவதாகக் கொள்வோம். ஒருவர் ‘தவளை’ என்பார். எப்படி என்று கேட்டால், ‘வந்த வளையல்’ என்பதைச் சேர்த்துப் படித்து, நடுவில் உள்ள த, வ, ளை ஆகிய எழுத்துகளைச் சுட்டிக்காட்டுவார். கேட்டவருக்கு அந்நொடியில் ஏற்படும் வியப்பே இவ்விளையாட்டின் உயிர்.

உடனே ஒருவர் ஆட்சேபிப்பார். தவளை ஒளிந்திருப்பது ‘வந்த வளையல்’ என்பதற்குள் மட்டுமே. ‘பரிசாக’ என்ற சொல்லுக்கு வேலை இல்லை. ஜிமெனஸ் விதிப்படி அது நீக்கப்பட வேண்டும். மற்றொருவர், அச்சொல்லை எடுத்துவிட்டால் வாக்கியம் மொட்டையாகிவிடும், ஓரளவு நெகிழ்வு தேவை என்பார். மூன்றாமவர், குளத்தில் ஆமையும் மீனும்கூட வாழ்கின்றனவே, ‘குளத்துவாசி’ என்பது போதிய அளவு துல்லியமா என்று கேட்பார். மூவரும் தவளையை ஏற்றுக்கொண்டுவிட்டனர். வாதம் நியாயம் பற்றியது. எழுதியவருக்கும் தீர்ப்பவருக்கும் இடையே எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அது மீறப்பட்டதா என்பதை ஆராயும் மன்றமாகவே இக்குழுக்கள் இயங்குகின்றன.

இந்தியச் சூழலில் விவாதத்துக்கு வேறொரு தேவையும் உண்டு. ஆங்கிலப் புதிர்களின் மரபு பிரிட்டனில் உருவானது. மாலுமி, அரசி, படைப்பிரிவு என அவர்களுடைய அன்றாடச் சுருக்கெழுத்துகள் அதில் நிறைந்துள்ளன. கிரிக்கெட் இங்கு கைகொடுக்கிறது. ‘டக்’ என்றால் வாத்து மட்டுமன்று, ஓட்டமின்றி ஆட்டமிழப்பதும்தான். ஆகவே பூஜ்ஜிய வடிவில் உள்ள ‘ஓ’ என்ற எழுத்தைக் குறிக்கும். ‘ஃப்ளவர்’ என்று வந்தால் மலரை மறந்து, ‘ஃப்ளோ’ செய்வது, அதாவது ஓடுவது என எண்ணி நதியைத் தேட வேண்டும். இந்திய அமைப்பாளர் என்றால் அது கங்கையாகவும் இருக்கலாம். ஒருவருக்குக் கர்நாடக இசை தெரியும், மற்றவருக்கு விவிலியம், வேறொருவருக்கு வேதியியல். தனியாக அமர்ந்தால் மாலைவரை திறக்காத ஒரு மூலை, கூட்டத்தில் சில நிமிடங்களில் திறந்துவிடுகிறது.

இதற்கென நாகரிகமும் உண்டு. கேட்காதவருக்கு விடையைச் சொல்லிவிடுவது பெருங்குற்றம். பரிசுப் புதிராயின் கடைசித் தேதி முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. உதவி கேட்பவருக்கு முதலில் நேரடிப் பொருள் எந்தப் பக்கம் உள்ளது என்பதை மட்டும் சொல்வார்கள். அதற்கும் மசியாவிட்டால் எவ்வகை எழுத்து விளையாட்டு என்பதைக் கூறுவார்கள். விடை கடைசியில்தான். இப்பொறுமை எல்லா மூத்தோரிடமும் இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். “இது வெளிப்படையானதுதானே” என்ற ஒற்றை வாக்கியத்தால் விலகிப்போன புதியவர்கள் ஏராளம்.

தற்போது செயலிகளில் விடையைக் காட்டும் பொத்தான் உள்ளது. செயற்கை நுண்ணறிவு உரையாடிகளும் உள்ளன. பொத்தான் விடையைத் தரும், காரணத்தைத் தராது. உரையாடியோ சரியான விடையைக் கூறிவிட்டு, அதற்குப் பொருந்தாத காரணத்தை உறுதியான குரலில் சொல்லிவிடுவதுண்டு. எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்க்கும் நண்பர் ஒருவர் இருந்தால், அந்தத் தவறு ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது.

வாசகர்கள் தம் வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். கீழ்க்காணும் குறிப்பின் ஒரு பாதியை வேலைக்குச் செல்லும் எவரும் பிடித்துவிடுவர். மறுபாதிக்குப் பழந்தமிழ் படித்த ஒருவரை நாட வேண்டியிருக்கும்: “கடலில் கிடைத்த உத்தியோகம் (2).”