பாத்தியும் பழவேற்காடும்

சென்ற இதழில், 1939-ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்த மாண்டிசோரி அம்மையார், யுத்தத்தின் காரணமாக நம் நாட்டிலேயே சில ஆண்டுகள் தங்க நேர்ந்தபோது, கோடைக்கானலில் செடிகொடிகளையும் நீர்நிலைகளையும் கொண்டே குழந்தைகளுக்குப் பாடம் அமைத்த விதத்தைப் பார்த்தோம். மலையும் சோலையும் வாய்த்த இடத்தில் அது எளிது. புகைபோக்கிகளும் கன்டெய்னர் லாரிகளும் சூழ்ந்த ஊரில் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆகவே இந்த வாரம் பொன்னேரிக்குச் செல்வோம்.

வடக்கே கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளும், தெற்கே மீஞ்சூர், அத்திப்பட்டு வழியாக எண்ணூர் வரை நீளும் அனல்மின் நிலையங்களும், கடலோரத்தில் துறைமுகங்களும் நெருங்கி நிற்க, நடுவே ஆரணியாற்றையும் ஏரிகளையும் நம்பி இன்னமும் நெல் விளைகிற பிரதேசம் அது. இங்குள்ள தொடக்கப் பள்ளி ஒன்றில் உழவர் வீட்டுக் குழந்தையும், மீனவர் வீட்டுக் குழந்தையும், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலை தேடி வந்தவரின் குழந்தையும் ஒரே வரிசையில் உட்காரக்கூடும். பாஷை வேறுபட்ட குழந்தைகள் பேச்சுக்கு முன்பே சேர்ந்து செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டென்றால், அது மண்ணைக் கொத்தி விதை ஊன்றுவதுதான்.

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்து, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் அழுகை ஓய்ந்து, வகுப்பு ஒரு நிதானத்துக்கு வரும் வேளையில் ஆடிப்பட்டமும் வந்துவிடுகிறது. பள்ளியின் ஆண்டும் உழவரின் ஆண்டும் இவ்வாறு பொருந்தி நிற்பது நமக்குக் கிடைத்த பாக்கியம். 3 மீட்டர் நீளமும் 1.80 மீட்டர் அகலமுமாக ஒரு பாத்தி கட்டி, வெண்டைக்கு வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 30 சென்டிமீட்டரும் இடம் விட வேண்டுமென்று உபாத்தியாயர் சொன்னால், 4 வரிசை, வரிசைக்கு 10 குழி, ஆக 40 விதை என்பதைக் குழந்தைகள் கயிறு பிடித்துக் கண்டுகொள்வார்கள். வாய்ப்பாட்டைப் பத்து முறை ஒப்பித்த பிள்ளைக்குப் பெருக்கல் எதற்கென்று தெரியாமல் இருக்கலாம். குழி தோண்டிய பிள்ளைக்கு அந்தச் சந்தேகமே எழாது. பக்கத்துப் பாத்தியில் விதைத்த முளைக்கீரை மூன்று நான்கு வாரங்களில் சத்துணவுக் கூடத்துக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டில் தட்டுக்கு வருமானால், வீட்டில் கீரையைக் கண்டு முகம் சுளிக்கிற குழந்தைகூட, தான் தண்ணீர் விட்ட கீரை என்பதற்காகவாவது ஒரு வாய் உண்டு பார்க்கும்.

ஆனால் பொன்னேரி வட்டாரத்துத் தோட்டத்தின் தலையான பாடம் கணக்கு அன்று, தண்ணீர். சென்னை மாநகரின் தாகத்தைத் தீர்ப்பதற்காக மீஞ்சூர்ப் பகுதியில் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்துப் பல ஆண்டுகள் இறைத்ததனாலும், பாசனத்துக்கென்று உழவர்களும் இறைத்ததனாலும், நிலத்தடியில் நன்னீர் தாழ்ந்துபோன இடத்தைக் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்து பிடித்துக்கொண்டது. இதைப் புத்தகத்தில் படிக்கிற பிள்ளைக்கு அது ஒரு செய்தி மாத்திரமே. இரண்டு பாத்திகளில் அவரை போட்டு, ஒன்றுக்குத் தொட்டியில் சேர்த்த மழைநீரையும், மற்றொன்றுக்கு உப்புக் கண்ட கிணற்று நீரையும் விட்டு, இலையின் ஓரம் கருகுவதைத் தினந்தோறும் பார்த்துச் சித்திரம் எழுதுகிற பிள்ளைக்கோ அது பிரத்தியட்சம். தன் ஊருக்கு நேர்ந்ததைத் தன் கையால் அறிகிற அந்த அறிவை எட்டு வயதில் தருவதற்குத் தோட்டத்தைவிடச் சிறந்த சாதனத்தை நான் அறியேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த, கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வியை, அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்த காலத்தில் சென்னை மாகாணம் ஆர்வத்தோடு வரவேற்றது. பின்னர் 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம், பிள்ளைகளை அவரவர் குலத்தொழிலுக்கே திருப்பிவிடும் என்ற நியாயமான அச்சத்தால் பலத்த எதிர்ப்புக்கு உள்ளாகி, மறு ஆண்டே காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பின் நினைவு வீண்போகக் கூடாது. மண்வெட்டி எல்லாக் குழந்தைகளின் கைக்கும் முறை வைத்து வர வேண்டும். சில வீட்டுப் பிள்ளைகள் தண்ணீர் சுமக்கவும், சில வீட்டுப் பிள்ளைகள் குறிப்பெழுதவுமாகப் பிரிந்தால், அந்தத் தோட்டம் இல்லாமல் இருப்பதே மேல்.

இனி யாத்திரை. ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி, கட்டணம் மிகுந்த கேளிக்கைப் பூங்காக்களுக்கு அழைத்துப்போய் இரவில் தூங்கத் தூங்கத் திரும்புவதைக் கல்விச் சுற்றுலா என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. பொன்னேரியிலேயே, சித்திரையில் எதிரெதிரே எழுந்தருளிச் சந்திக்கிற அகத்தீசுவரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் கோயில்கொண்டிருக்கிறார்கள். இரண்டு சந்நிதிகளையும் நடந்தே பார்த்துவிடலாம். சுமார் 20 கிலோமீட்டரில் பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, துணி வாணிகத்தோடு மனிதரை அடிமைகளாக விற்கும் கொடிய வாணிகத்தையும் நடத்திய ஊர் அது. வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய அவர்களுடைய கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இன்றும் நிற்கிறது. பனையோலையில் கூடை முடைகிற பெண்களிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், சதுரமும் மூலைவிட்டமும் விரல் வழியே விளங்கும். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பாடு’ என்ற ஏற்பாட்டை மீனவப் பெரியவர் ஒருவர் விளக்கினால், நீதி என்பது சட்டப் புத்தகத்துக்கு முன்பே கரையில் பிறந்தது என்று குழந்தைகள் அறிவார்கள். அந்த வேளையில் மீனவர் வீட்டுப் பிள்ளையே மற்றவர்களுக்கு உபாத்தியாயராகிவிடுவதைச் சொல்லவும் வேண்டுமோ?

தோட்டத்தில் உப்பைக் கண்ட பிள்ளை, இங்கே உப்புநீரும் நன்னீரும் கலக்கிற ஏரியைக் காண்கிறது. ஒன்றில் அழிவாயிருந்த அதே கலப்பு, மற்றொன்றில் இறாலுக்கும் பூநாரைக்கும் ஜீவாதாரமாக இருப்பதைக் கண்டு கேள்வி கேட்கத் தொடங்குகிறது. இதனாலேயே, பாத்தியையும் பயணத்தையும் தனித்தனி வேலைகளாகக் கால அட்டவணையில் எழுதுவது தவறு என்பது என் அபிப்பிராயம். சற்றே வளர்ந்த ஐந்தாம் வகுப்பினரைப் பூண்டிக்கும் அழைத்துச் செல்லலாம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அத்திரம்பாக்கத்தில் கண்டெடுத்த வகையைச் சேர்ந்த கற்கருவிகளை அங்குள்ள அகழ்வைப்பகத்தில் காணலாம்.

பழவேற்காட்டுப் பயணத்துக்கு உகந்த மாதம் தை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பூநாரைகள் ஏரியில் நிறைந்திருக்கும் காலம் அது. போகும்போது ஒவ்வொரு குழந்தையும் தன் பள்ளித் தோட்டத்து மண்ணைச் சிறு பொட்டலமாகக் கொண்டு போய், கரையோர மணலோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும்; இரண்டையும் தண்ணீரில் கரைத்து, எது முதலில் தெளிகிறதென்று குறிக்கட்டும். சௌந்தரம் அம்மையாரும் ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமத்தில் இத்தகைய கல்வி எவ்வாறு வேரூன்றியது என்பதை அடுத்த இதழில் காண்போம்.