வானதியின் ஊரில் கதை படிக்கலாம்! கல்வெட்டு நிறுத்திய இடத்தில் கல்கியும் அகிலனும் என்ன செய்தார்கள்?

திருச்சியிலிருந்து மதுரை போகும் நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர். பஸ்ஸில் கொஞ்சம் கண் அசந்தால் ஊர் போய்விடும். ஆனால், 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இது வானதியின் ஊர். 2022-ல் படமும் வந்த பிறகு, புதுக்கோட்டை மாவட்டத்தின் இந்தச் சிற்றூர் பெயர் கல்கியைத் தொடாத வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இங்கே இருப்பது மூவர் கோயில். மூன்று விமானங்களில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம். கட்டியவர் பூதி விக்கிரமகேசரி என்ற வேளிர் தலைவர். முன்னோர்களின் வெற்றிகள், மனைவியர் கற்றளி, வரகுணை ஆகியோரின் பெயர்கள், தன் பெயரிலும் அவர்கள் பெயரிலும் மூன்று விமானங்கள் எழுப்பியது, மல்லிகார்ஜுனர் என்ற துறவிக்கு மடம் கொடுத்தது... கோயிலில் உள்ள கிரந்தக் கல்வெட்டு இவ்வளவும் சொல்கிறது. கற்றளிக்கு என்ன ஆசை, வரகுணைக்கு எதைக் கண்டால் பயம் என்பதெல்லாம் கல்லில் இல்லை.

அந்த இடத்தில்தான் கதைக்காரருக்கு வேலை ஆரம்பிக்கிறது.

வானதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடும்பாளூர் வம்சத்தில் 'ஈழத்துப் பட்ட' என்ற அடைமொழியோடு ஒரு சிறிய வேளார் வருகிறார். ஈழப் போரில் உயிர்விட்டவர் என்று பொருள். கல்கி, வானதியை அவருடைய மகளாக்கினார். அப்பாவை ஈழப் போரில் பறிகொடுத்த பெண்ணின் மனதை, அதே ஈழத்துக்குப் படை நடத்திப் போகும் அருள்மொழியிடம் கொண்டுபோய் வைத்தார். இனி 'அவள் பயந்தாள்' என்று தனியாக எழுதவே வேண்டாம். புறப்படும் இளவரசன் முன்னால் தீபத் தட்டோடு வந்து நிற்கிறாள். தட்டு விழுகிறது, அவளும் மயங்கி விழுகிறாள். உணர்ச்சியைச் சொல்லாமல் காட்டுவது என்று எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் நீட்டி முழக்குவார்களே, அது இந்த ஒரு தட்டில் முடிந்துவிட்டது.

எதற்கெடுத்தாலும் மயங்கி விழுகிறாளே என்று வானதியைக் கிண்டல் செய்யாத வாசகர் குறைவு. ஆனால், அதே பெண்தான் பின்னால் பூங்குழலியின் குத்தல் பேச்சுக்குப் பதிலாக, சிங்காதனத்தில் உட்காரவே மாட்டேன் என்று சபதம் செய்கிறாள். அந்த மயக்கங்கள் இல்லாவிட்டால் இந்தச் சபதத்துக்குக் கனமே இருக்காது. பாத்திர வளர்ச்சி என்பது இதுதான்.

ராஜேந்திரனின் தாயார் வானவன் மாதேவி என்பது வரலாறு. மயக்கமும் சபதமும் கல்கியின் கைவண்ணம். விக்கிரமகேசரி வாழ்ந்தது 9-ம் நூற்றாண்டா, 10-ம் நூற்றாண்டா என்று ஆய்வாளர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. கல்கி தன் கதைக்குத் தோதான காலத்தில் அவரை நிறுத்திக்கொண்டார். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. அதை அப்படியே சரித்திரமாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்குத்தான் இல்லை!

சரி, இவ்வளவு பெரிய கதையை யார் கண் வழியாகச் சொல்வது? குந்தவையின் கணவர் என்பதைத் தாண்டி, வந்தியத்தேவனைப் பற்றிக் கல்வெட்டுகளில் அதிகம் இல்லை. கல்கிக்கு அதுவே வசதியாகப் போயிற்று. ஆடிப்பெருக்கு நாளில் வீராணம் ஏரிக்கரையில் அவனைக் குதிரையில் வரவைத்தார். அவனுக்குச் சோழ நாட்டு அரண்மனை விவகாரம் தெரியாது, நமக்கும் தெரியாது. கடம்பூர் மாளிகையில் அவன் ஒளிந்து கேட்கும்போது நாமும் கூடவே கேட்கிறோம். எல்லாம் தெரிந்த ஒரு பெரியவர் சொல்லியிருந்தால், ஐந்து பாகக் கதை முதல் பாகத்திலேயே வெளுத்துப் போயிருக்கும். கதை சொல்லும் கோணத்தை முடிவு செய்யாமல் பேனாவை எடுப்பவர்கள் பாதியில் திணறுவது இதனால்தான்.

இந்த மண்ணுக்குக் கதை புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழி சொல்லும் மறையவன், கொடும்பை என்று இந்த ஊரைக் குறிப்பிடுகிறான். பாதை இங்கே சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரிகிறதாம். எந்த வழியில் போவது என்ற கேள்வி எழும் இடம், கதைக்கு எப்போதும் நல்ல களம்.

அப்படி ஒரு பிரிவை மனதுக்குள் கொண்டுபோனவர் அகிலன். 1922-ல் இதே மாவட்டத்தின் பெருங்களூரில் பிறந்தவர். பின்னாளில் 'சித்திரப்பாவை'க்காக 1975-ம் ஆண்டின் ஞானபீட விருது பெற்றார். 1963-ல் சாகித்ய அகாடமி விருது பெற்ற அவருடைய 'வேங்கையின் மைந்தன்' ராஜேந்திர சோழன் காலத்துக் கதை. அதன் நாயகன், கொடும்பாளூர் இளங்கோ. ஒரு பக்கம் அவன் வாள் ஏந்தும் சோழ நாடு, மறுபக்கம் பகை நாடான ஈழத்தின் இளவரசி ரோகிணி. கடல் தாண்டிப் போரிடப் போனவனுக்குப் பெரிய போர் உள்ளுக்குள் நடக்கிறது. வில்லன் இல்லாமலும் கதை எழுதலாம், இந்த முரண் இல்லாமல் எழுதுவது கஷ்டம்.

எழுதிப் பார்க்க நினைப்பவர்கள் ஒரு நோட்டுடன் மூவர் கோயிலுக்குப் போகலாம். விமானங்கள் எழும்பிக்கொண்டிருந்த நாள்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் பெயரில் ஒன்று, தன் பெயரில் ஒன்று, இன்னொருத்தி பெயரில் ஒன்று. கற்றளி வந்து பார்க்கிறாள். யாருடையது முதலில் முடிந்தது? அவள் சொன்னால் ஒரு கதை, வரகுணை சொன்னால் வேறு கதை. கல் சுமந்தவர் சொன்னால் அது இன்னொன்று.

காலையிலேயே போய்விடுங்கள். மதியத்தில் கல் சுடும்.