குணமான கைக்கு வேலை எங்கே?

ஆபரேஷனுக்குப் பிறகும் தொடரும் ஒரு சிகிச்சை

திண்டுக்கல் என்றதும் நினைவுக்கு வருவது பூட்டு. பட்டறையில் தொழிலாளி அரத்தைப் பிடித்துச் சாவியின் பல்லை ராவுகிறார். கொஞ்சம் அதிகம் ராவினாலும் சாவி வீண். அவ்வளவு நுணுக்கமான வேலை!

திடீரென்று பக்கவாதம் தாக்கி அந்தக் கை செயலற்றுப் போனால்? டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றி விடுவார்கள். ஆனால் அவர் மறுபடியும் அரத்தைப் பிடிப்பது எப்படி? சோற்றைப் பிசைவது எப்படி? சட்டைப் பொத்தானைப் போடுவது எப்படி?

இதற்கென்றே ஒரு சிகிச்சை இருக்கிறது. அதன் பெயர் ஆக்குபேஷனல் தெரபி. தமிழில் 'செயல்வழிச் சிகிச்சை' எனலாம். பிசியோதெரபி முக்கியமாகத் தசைக்கும் மூட்டுக்கும் பலம் தேடித் தருகிறது. அந்தப் பலத்தைக் கொண்டு உண்ணவும், உடுக்கவும், தொழில் செய்யவும் பழக்குவது செயல்வழிச் சிகிச்சை.

இந்தியாவில் இதைக் கற்பிக்கும் முதல் பள்ளி 1950-ல் பம்பாயில் தொடங்கியது. தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்த நாட்டையே தம் நாடாகக் கொண்டவர் அவர்.

பிச்சையும் இல்லை, வேலையும் இல்லை!

இந்தச் சிகிச்சை ஏன் தேவை? வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் பழைய அனுபவம் இதற்கு விடை சொல்லும்.

1940-களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் அங்கே பணியாற்றினார். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் அவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும்படி இணைத்தார்.

விரல்கள் நிமிர்ந்தன. வாழ்க்கை நிமிர்ந்ததா? இல்லை!

மடங்கிய கையைக் கண்டவர்கள் இரங்கிப் பிச்சை போட்டார்கள். நிமிர்ந்த கைக்கு அந்தப் பிச்சையும் குறைந்தது. தொழுநோய் கண்டவர் என்று வேலை கொடுக்கவும் ஆள் இல்லை. குணமானவர்கள் இந்தக் குறையைச் சொல்லித் திரும்பி வந்தார்கள். கையைச் சரி செய்தால் மட்டும் போதாது என்பது டாக்டருக்குப் புரிந்தது.

பிறகு அங்கே 'நவ ஜீவ நிலையம்' உருவாயிற்று. சில குடிசைகள், ஒரு தச்சுப் பட்டறை. ஆபரேஷன் முடிந்தவர்கள் அங்கே தங்கி மரப் பொம்மைகள் செய்யக் கற்றார்கள்.

அதில் இரட்டைப் பயன் உண்டு. மோதிர விரலை மடக்கிய தசையைக் கட்டை விரலுக்கு மாற்றினால், மூளையும் புதிய பாடம் படிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வேலை செய்தால்தான் அந்தப் பாடம் படியும். தொழுநோய் தாக்கிய கைக்குச் சூடும் வலியும் தெரியாது. ஆகவே காயம் படாமல் கருவியைப் பிடிக்கவும் அங்கே பழகினார்கள்.

சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

அதே ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவர் மேரி வர்கீஸ். கொச்சியில் பிறந்தவர். 1954-ல் மோட்டார் விபத்தில் அவருடைய முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

அவர் மூலையில் முடங்கி விடவில்லை. கால்கள் போனாலும் கைகள் இருந்தன அல்லவா? சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்! பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவருடைய முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் அவர் காலமானார்.

வீட்டில் என்ன செய்யலாம்?

செயல்வழிச் சிகிச்சை நிபுணர் முதலில் கேட்பது, "இவர் வீட்டில் என்ன வேலை செய்தார்?" என்பதுதான். சின்னாளபட்டி நெசவாளிக்கு ஒரு பயிற்சி. நிலக்கோட்டையில் மல்லிகை பறிப்பவருக்கு வேறு பயிற்சி. சமையல் செய்யும் தாய்க்கு இன்னொன்று.

வீட்டாரும் உதவலாம். பக்கவாதம் வந்தவர் சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். பிடி தளர்ந்தவருக்குக் கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுக்கலாம். முதுகுத்தண்டு அடிபட்டவர் ஒரே இடத்தில் நெடுநேரம் அழுந்தி உட்காரக் கூடாது. அடிக்கடி உடம்பைத் தூக்கி மாறி உட்கார வேண்டும். இல்லையேல் புண் வந்து விடும்.

இன்னொன்று முக்கியம். அன்பினால் எல்லாவற்றையும் நாமே செய்து விடக் கூடாது. ஒரு பொத்தான் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆகலாம். பொறுத்திருங்கள். அந்தப் பத்து நிமிடம்தான் மருந்து!

திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி அளிக்கப்படுகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாளில், "மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "மறுபடியும் வேலை செய்ய இவருக்கு யார் கற்றுக் கொடுப்பார்கள்?" என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

கற்று வந்தவருக்கு வேலை கொடுப்பது முதலாளிகளின் கடமை. பால் பிராண்ட் நிமிர்த்திய கைகள் அன்று கேட்டதும் அந்த வேலையைத்தான்.