அடுப்பே வேண்டாம்... வீட்டிலேயே பஞ்சாமிர்தம் செய்வது எப்படி?

திண்டுக்கல் மாவட்டத்தில் பஞ்சாமிர்தம் என்றாலே பழனிதான். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பிரசாதத்தில் தண்ணீரும் கிடையாது, ரசாயனமும் கிடையாது. பிறகு எப்படி கெடாமல் இருக்கிறது?

காரணம் என்ன?

இதற்குப் பயன்படும் விருப்பாச்சி மலைவாழைப்பழத்தில் ஈரம் குறைவு. அந்தக் கொஞ்ச ஈரத்தையும் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிகள் எளிதில் வளராது.

தேவையானவை

நன்கு கனிந்த மலைவாழைப்பழம் 5, நாட்டுச் சர்க்கரை 150 கிராம், விதை நீக்கிய பேரீச்சம்பழம் 6, தேன் 2 ஸ்பூன், நெய் 1 ஸ்பூன், ஏலக்காய் 2, கொஞ்சம் கற்கண்டு.

செய்முறை

பழத்தைக் கையால் நன்றாகப் பிசையுங்கள். மிக்ஸி வேண்டாம், கூழாகிவிடும். சர்க்கரை சேர்த்துக் கரையும் வரை கிளறி, மற்றதைப் போட்டுக் கலந்தால் ரெடி. பிசையும் வேலையைப் பிள்ளைகளிடமே விடலாம்.

இதில் கவனம்

பாத்திரம், கை, கரண்டி எதிலும் ஈரம் இருக்கக் கூடாது. கோயில் பஞ்சாமிர்தம் மாதிரி வீட்டில் செய்தது நாள்கணக்கில் தாங்காது. ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். புளித்த வாசனை வந்தால் கொட்டிவிடுங்கள்.

மலைவாழை விலை கூடுதல்னா, வீட்டில் கனிந்து கிடக்கும் பூவன் பழமே போதும். இளகலாக வரும், அன்றைக்கே சாப்பிட வேண்டும்.

முக்கியமாக, தேன் சேர்ப்பதால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு துளிகூடக் கொடுக்காதீங்க. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது.